தொடர்கதையிலிருந்து செயலிக்கு: விற்பனை அலகின் மாற்றமும் வட்டாரப் புனைவின் நிதானமும்

ஆய்வுச் சுருக்கம்

கைப்பேசிச் செயலிகளில் வெளிவரும் தமிழ்த் தொடர்கதைகள் குறித்த விமரிசனங்கள் பெரும்பாலும் மொழிநடை, தரம், பொழுதுபோக்குத் தன்மை ஆகியவற்றை மையமிட்டே அமைகின்றன. அவற்றின் வடிவத்தைத் தீர்மானிக்கும் தொழில் அமைப்பு போதிய கவனம் பெறவில்லை. 2014இல் பெங்களூருவில் தொடங்கப்பட்ட பிரதிலிபி நிறுவனத்தை முதன்மைச் சான்றாகவும், வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாச’த்தை ஒப்பீட்டுச் சான்றாகவும் கொண்டு, தொடர்கதையின் விற்பனை அலகு இதழிலிருந்து அத்தியாயத்திற்கு மாறியதே வட்டாரப் புனைவைப் பாதிக்கும் முதன்மைக் காரணி என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. பிறப்பிலேயே மின்வடிவான இப்படைப்புகளின் பாதுகாப்பு ஆய்வுலகின் பொறுப்பு என்பதும் இதில் வலியுறுத்தப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மின்பதிப்பு, தொடர்கதை, பிரதிலிபி, வட்டார நாவல், திணை, வடுகபட்டி, மின்பிரதிப் பாதுகாப்பு.

முன்னுரை

தமிழ் நாவல் வரலாற்றின் பெரும்பகுதி தொடர்கதையின் வரலாறாகும். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வெளிவந்தது. கி. ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’ ‘ஆனந்த விகட’னில் தொடராக வந்து, 1991இல் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. தொடராக வெளிவருவதே இலக்கியத் தரத்திற்கு ஊறு விளைவிக்கும் என்னும் பொதுக்கருத்தை இவ்விரு சான்றுகளே மறுக்கப் போதுமானவை. வட்டார மொழியும் நிலமும் வார இதழ்களின் பக்கங்களிலும் தமக்கு இடம் கண்டன.

ஆதலால், செயலிகளில் எழுதப்படும் தொடர்களில் நிலமும் வட்டார வழக்கும் மெலிந்து காணப்படுவதற்குத் தொடர் என்னும் வடிவத்தைக் காரணம் காட்டுவது பொருந்தாது. எழுதுவோரின் பயிற்சிக் குறைவைக் காரணம் காட்டுவதும் முழு விடையாகாது. வார இதழ்களிலும் பயிற்சி குறைந்தோர் எழுதியிருக்கின்றனர். இரண்டு ஊடகங்களும் ஓர் அத்தியாயத்தை வாசகருக்கு எவ்வாறு விற்கின்றன என்ற வினாவிலிருந்து தொடங்கினால் இச்சிக்கல் தெளிவுறும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

தமிழ் மின்பதிப்பின் மூன்று கட்டங்கள்

தமிழ் மின்பதிப்பின் வளர்ச்சியை மூன்று கட்டங்களாகப் பகுத்துக் காணலாம். முதற்கட்டத்தின் சிக்கல் எழுத்து. திரையில் தமிழைத் தோற்றுவிப்பதே அன்று தொழில்நுட்பத்தின் நோக்கம். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், 1999ஆம் ஆண்டுச் சென்னைத் தமிழ்இணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகை, பின்னர் பரவிய ஒருங்குறி ஆகியன இக்கட்டத்தைச் சேர்ந்தவை. 2004இல் பத்ரி சேஷாத்ரியும் நண்பர்களும் தொடங்கிய நியூ ஹொரைசன் மீடியா, கிழக்கு பதிப்பகத்தின்வழி நூல் வெளியிட்டதுடன் தமிழ்த் தட்டச்சு மென்பொருளையும் இலவசமாக வழங்கியது. பதிப்பு நிறுவனமே எழுத்துக் கருவியையும் உருவாக்க வேண்டியிருந்த நிலையை இது உணர்த்துகிறது.

இரண்டாம் கட்டத்தின் சிக்கல் அணுக்கம். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைப்பில் தொடங்கிய மதுரைத் திட்டம், 2005இல் ஈழத்து நூல்களுக்காக உருவான நூலகம் திட்டம், 2013இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் ஆகியன நூலை யாவர்க்கும் கட்டணமின்றிக் கிடைக்கச் செய்தன. தன்னார்வலர் உழைப்பே இவற்றின் மூலதனம்.

மூன்றாம் கட்டத்தின் சிக்கல் வருவாய். 2016 டிசம்பரில் அமேசானின் கிண்டில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழி மின்னூல்களுக்கு இடமளித்தது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே ரஞ்சித் பிரதாப் சிங் உள்ளிட்ட ஐவர் பெங்களூருவில் பிரதிலிபியைத் தொடங்கியிருந்தனர். இந்நிறுவனம் 12 மொழிகளுக்கு விரிந்தது. சில ஆண்டுகள் வரை வாசிப்பு முற்றிலும் கட்டணமின்றி இருந்தது. 2021இல் தென்கொரியாவின் விளையாட்டு மென்பொருள் நிறுவனமான கிராஃப்டன் தலைமையில் 4.8 கோடி டாலர் முதலீடு வந்தது. சந்தா முறையும் அவ்வாண்டில் முன்னிலை பெற்றது. கனடாவில் 2006இல் தோன்றிய வாட்பேட் தளத்தைத் தென்கொரியாவின் நேவர் நிறுவனம் 60 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியதும் அதே 2021இல்தான். தொடர்கதை உலகளாவிய முதலீட்டுப் பொருளான ஆண்டாக 2021ஐக் குறிப்பிடலாம்.

முதலிரு கட்டங்களில் தொழில்நுட்பம் பிரதியின் உட்பொருளில் தலையிடவில்லை. மதுரைத் திட்டத்தில் தட்டச்சுச் செய்யப்பட்ட குறுந்தொகை, அச்சில் இருந்த குறுந்தொகையே. மூன்றாம் கட்டத்தில் நிலை வேறு. இங்கே தொழில்நுட்பம் பிரதி எழுதப்படுவதற்கு முன்பே அதன் அளவையும் நிறுத்தத்தையும் வகையையும் முன்வகுத்துவிடுகிறது. இலக்கிய விமரிசனம் இக்கட்டத்தைத் தனித்து நோக்க வேண்டியதன் காரணம் இதுவே.

விற்பனை அலகு

வார இதழை வாங்கும் வாசகர் ஒரு தொகுப்பை வாங்குகிறார். அதில் அரசியல் கட்டுரை, திரைச் செய்தி, நகைச்சுவைத் துணுக்கு, சிறுகதை, தொடர்கதை ஆகிய அனைத்தும் ஒரே விலைக்குள் அடங்கும். ஒரு வாரத்துத் தொடர்கதைப் பகுதி மெதுவாக நகர்ந்தாலும் இதழின் விற்பனை அவ்வாரமே சரிந்துவிடாது. ஏனைய பக்கங்கள் அதைத் தாங்கிக்கொள்ளும். ஆசிரியருக்கு வாசகர் கடிதங்களிலிருந்தும் மொத்த விற்பனையிலிருந்தும் ஓர் ஊகம் கிடைக்குமேயன்றி, பதினேழாம் அத்தியாயத்தின் எப்பத்தியில் வாசகர் இதழை மூடினார் என்பது தெரியாது. இந்த அறியாமை எழுத்தாளருக்கு ஓர் உரிமையாக அமைந்தது.

செயலியில் விற்பனை அலகு அத்தியாயம். பிரதிலிபியின் கட்டணத் தொடர்களில் தொடக்க அத்தியாயங்கள் திறந்திருக்கும், பின்வருவன பூட்டப்பட்டிருக்கும். வாசகர் சந்தா செலுத்தலாம், செயலியின் நாணயங்களைக் கொடுத்துத் திறக்கலாம் அல்லது அடுத்த பகுதி திறக்கும்வரை காத்திருக்கலாம். ஒவ்வொரு பகுதியின் வாசிப்பு எண்ணிக்கையும் மதிப்பீடும் கருத்துரைகளும் எழுதியவரின் கண்முன் நிற்கின்றன. இதனால் ஒவ்வோர் அத்தியாயமும் தன் விலையைத் தானே ஈட்டியாக வேண்டும். முந்தைய அத்தியாயத்தின் ஈர்ப்போ பிந்தைய அத்தியாயத்தின் உச்சமோ அதற்கு ஈடாகாது.

ஊதிய அலகு வடிவத்தை மாற்றும் என்பதற்கு உலகச் சான்றுகள் உள்ளன. சீனாவின் சிதியன் தளம் 2003இல் ஆயிரம் எழுத்துகளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வகுத்தது; பல இலட்சம் எழுத்துகள் நீளும் நாவல்கள் அங்கே இயல்பாயின. கிண்டிலின் வரம்பற்ற வாசிப்புத் திட்டம், நூலில் பத்து விழுக்காடு வாசிக்கப்பட்டாலே ஒரு முழுக்கடனுக்கான தொகையை எழுத்தாளருக்கு அளித்துவந்தது. அம்முறை சிறுநூல்களுக்கே ஆதாயமாக இருந்ததால், 2015 ஜூலை முதல் வாசிக்கப்பட்ட பக்கங்களுக்கு ஏற்பத் தொகை வழங்கும் முறைக்கு அமேசான் மாறியது. ஊதியக் கணக்கின் ஒரு வரி மாறியவுடன் நூலின் நீளமும் மாறியதை இவை காட்டுகின்றன. அத்தியாயத்தை அலகாகக் கொண்ட முறை நீளத்தைவிட முடிவிடத்தையே கூடுதலாகப் பாதிக்கும். பூட்டிய கதவைத் திறக்கச் செய்யும் ஆவல், அத்தியாயத்தின் கடைசி வரியில் உருவாக வேண்டியிருக்கிறது.

கள்ளிக்காட்டில் நிதானம்

இம்மாற்றத்தின் பொருளை உணர, அத்தியாய அளவில் எண்ணப்படாத ஒரு தொடரை ஒப்புநோக்குவது பயன்தரும். பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டி பூண்டுச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். 1959இல் திறக்கப்பட்ட வைகை அணைக்காக வெளியேற்றப்பட்ட குடும்பங்களுள் ஒன்றில் பிறந்த வைரமுத்து இவ்வூரில் வளர்ந்தவர். அவ்வெளியேற்றத்தைப் பொருளாகக் கொண்ட ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ ‘ஆனந்த விகட’னில் தொடராக வெளிவந்தது, 2003ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது.

இந்நாவலின் கட்டமைப்பில் கதைத்திருப்பத்தைக் காட்டிலும் செயல்முறை விவரிப்பே ஓங்கி நிற்கிறது. பேயத்தேவர் என்னும் முதிய உழவரின் வாழ்வு, மாடு ஈனுவதும் கிணறு வெட்டுவதும் சாராயம் காய்ச்சுவதுமான செயல்களின் வழியாக வாசகருக்கு அறிமுகமாகிறது. ஒவ்வொரு செயலும் அதற்குரிய கருவி, பக்குவம், சொல் ஆகியவற்றோடு படிப்படியாகச் சொல்லப்படுகிறது. அப்பகுதிகளில் கதை முன்னோக்கி நகர்வது குறைவு. அத்தியாயத்தின் இறுதியில் வாசகரை அடுத்த வாரத்திற்கு இழுக்கும் புதிரும் எப்போதும் இருப்பதில்லை.

எனினும் நாவலின் துயர் இப்பகுதிகளின் மேல்தான் கட்டப்படுகிறது. நிலத்தில் கிணறு வெட்டிய உழைப்பை வாசகர் அணு அணுவாகக் கண்டிராவிட்டால், அந்நிலம் அணைநீரில் மூழ்கும்போது இழக்கப்படுவது ஒரு பரப்பளவாக மட்டுமே தோன்றும். இழப்பின் எடை, முன்னர் வந்த நிதானமான அத்தியாயங்களில் சேமித்து வைக்கப்பட்டது. நாவலின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குக் கடன் கொடுக்கிறது. முடிவில் அக்கடன் திரும்பப் பெறப்படுகிறது. வார இதழின் தொகுப்பு விலை இத்தகைய கடனுக்கு இடமளித்தது. அத்தியாயத்திற்கு அத்தியாயம் கணக்கு முடிக்கும் முறை இதற்கு இடமளிப்பது அரிது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும். இதழ் அளித்த பொறுமை எல்லா எழுத்தாளருக்கும் உரியதாக இருக்கவில்லை. ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ வெளிவந்தபோது வைரமுத்து திரைப்பாடலாசிரியராகப் பெரும்புகழ் எய்தியிருந்தார். அப்புகழே நிதானமான அத்தியாயங்களுக்குப் பிணையாக நின்றது என்று வாதிடுவது தவறாகாது. அறிமுகமற்ற ஒருவர் அதே கிணறு வெட்டும் பகுதியை அனுப்பியிருந்தால் அது ஆசிரியர் மேசையைத் தாண்டியிருக்குமா என்பது ஐயமே. ஆயின் இம்மறுப்பு, இதழில் நிதானம் சிலருக்கு மட்டுமே கிடைத்தது என்பதைத்தான் காட்டுகிறது. செயலியில் அது பலருக்கும் கிடைக்கிறது என்பதை நிறுவவில்லை. வாயில் அகன்றது, உள்ளே தங்கும் காலம் சுருங்கியது.

வகைப்பாட்டில் நிலம்

செயலியில் ஒரு படைப்பை வெளியிடுபவர் அதற்குரிய வகையைத் தேர்ந்தளிக்க வேண்டும். காதல், குடும்பம், திகில், மர்மம், மிகைப்புனைவு முதலியன வழக்கமான வகைகள். வாசகர் படைப்பைக் கண்டடைவதும் செயலி அதைப் பரிந்துரைப்பதும் இவ்வகைகளையும் வாசகரின் முந்தைய வாசிப்பையும் சார்ந்துள்ளன.

இவ்வகைப்பாட்டைத் தொல்காப்பியத்தின் பொருட்பாகுபாட்டோடு வைத்து நோக்கும்போது ஒரு வேறுபாடு புலனாகிறது. தொல்காப்பியம் அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்து விலங்கும் மரமும் தொழிலும் உணவும் கரு. புணர்தல், பிரிதல் முதலாய உணர்வொழுக்கம் உரி. செயலியின் வகைகள் அனைத்தும் வாசகர் பெறும் உணர்வை அடிப்படையாகக் கொண்டவை. அதாவது உரிப்பொருளை மட்டுமே வகைப்படுத்துபவை. முதலுக்கும் கருவுக்கும் அங்கே பெட்டி இல்லை. உரிப்பொருள் மட்டும் அமைந்த பாடல்கள் சங்க இலக்கியத்திலும் உண்டாதலால், நிலமின்றிப் புனைவு இயலாது என்று கூறுவதற்கில்லை. ஆனால் நிலத்தை ஒரு வகையாகவே ஏற்காத அட்டவணையில், நிலத்தை முதன்மையாகக் கொண்ட படைப்பு தன்னை வேறொன்றாகப் பெயரிட்டுக்கொண்டே நுழைய நேர்கிறது.

தேனி மாவட்டத்தைக் கொண்டே இதன் விளைவை விளக்கலாம். 1895இல் முடிவுற்ற முல்லைப்பெரியாறு அணையின் நீரால் நெல் விளையும் கம்பம் பள்ளத்தாக்கு, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சைத் தோட்டங்கள், போடிநாயக்கனூரின் ஏலக்காய் வணிகம், ஆண்டிபட்டிப் பக்கத்து மானாவாரிக் காடுகள், வடுகபட்டியின் பூண்டுச் சந்தை ஆகியன ஒரே மாவட்டத்திற்குள் அமைந்தவை. இவ்வொவ்வொன்றிற்கும் தனித்த உழைப்புமுறையும் கடன்முறையும் சொல்வளமும் உள்ளன. போடிக்கு அருகிலுள்ள அம்மாபட்டியைச் சேர்ந்த சு. வேணுகோபால் வேளாண் குடும்பங்களின் சரிவை எழுதியதும், அல்லிநகரத்தின் ம. காமுத்துரை ‘மில்’ நாவலில் ஆலைத் தொழிலாளர் வாழ்வை எழுதியதும் இவ்வேறுபாடுகளின் அடியாகவே. இவ்வெழுத்துகளைச் செயலியின் அட்டவணையில் இட நேர்ந்தால் ‘சமூகம்’, ‘குடும்பம்’ என்னும் பொதுப் பெட்டிகளுள் அவை அடங்கும். ஏலக்காய்த் தோட்டத்துக் கூலியின் கதையும் சென்னை அடுக்ககத்துக் குடும்பத்தின் கதையும் அங்கே ஓரினம். பரிந்துரைக்கும் நிரலுக்கு அவற்றிடையே வேறுபாடு இல்லை. வேறுபாடு கண்டு தேடிவரும் வாசகருக்கும் வழி இல்லை.

பெயர்த்துச் செல்லக்கூடிய கதை

தொடர்கதைச் செயலி நிறுவனங்களின் அண்மைக்காலப் போக்கு, கதையை உரிமைப் பொருளாகக் கருதுவதாகும். ஒரு மொழியில் வாசகரை ஈர்த்த கதை பிறமொழிகளில் பெயர்க்கப்படுகிறது. ஒலிக்கதை, சித்திரக்கதை, திரைத்தொடர் எனப் பல வடிவங்களுக்கு மாறுகிறது. பிரதிலிபியும் ஒலி, சித்திரக்கதை ஆகிய துறைகளில் கிளைவிரித்தது. நேவர் வாட்பேட்டை வாங்கியதன் பின்னணியிலும் எழுத்துக்கதையைச் சித்திரத் தொடராகவும் திரைப்படமாகவும் மாற்றும் நோக்கம் இருந்தது. முதலீட்டின் அளவை நோக்க, தமிழ் வாசகரின் சந்தாவை மட்டும் நம்பி இத்தொழில் இயங்க இயலாது என்பதும் விளங்கும்.

இப்பொருளியலில் ஒரு கதையின் மதிப்பு அதன் பெயர்வுத் தகுதியைப் பொறுத்தது. ஒப்பந்தத் திருமணம், மாமியார் வீட்டுச் சிக்கல், செல்வந்தக் கதாநாயகன், மறைக்கப்பட்ட அடையாளம் ஆகிய கதைக்கூறுகள் இந்தியிலும் வங்கத்திலும் மராத்தியிலும் பெரும் மாற்றமின்றிப் பொருந்தும். வைகைக்கரைப் பேச்சுவழக்கும், ஒரு குறிப்பிட்ட அணைக்காக ஒரு குறிப்பிட்ட ஊர் காலிசெய்யப்பட்ட வரலாறும் அவ்வாறு பொருந்துவதில்லை. பெயர்ப்பாளருக்கு அவை கூடுதல் உழைப்பு. நிறுவனத்திற்குக் கூடுதல் செலவு. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு 1982இல் அகராதியே தொகுத்தார். அவ்வகராதியின் ஒவ்வொரு சொல்லும் இக்கணக்கில் பெயர்வுக்குத் தடையாக நிற்கும் ஒன்றாகிறது. வட்டாரத் தன்மையை எவரும் தடைசெய்யாமலே அது ஊதியமற்றதாகிவிடுவது இவ்வாறுதான்.

செயலி எழுத்தின் பேறுகள்

மேற்கூறியவற்றிலிருந்து செயலி எழுத்தை ஒதுக்கிவிடலாம் என்ற முடிவுக்கு வருவது விமரிசன நேர்மையாகாது. ரமணிசந்திரன் முதலானோரின் குடும்ப நாவல்களை வாசித்து வளர்ந்த பெண்கள் பலர் எழுதத் தொடங்கியதற்குச் செயலிகளும் இணையத் தளங்களும் வழிவகுத்தன. வேலைக்கும் சமையலுக்கும் இடையே கைப்பேசியில் ஓர் அத்தியாயம் தட்டச்சுச் செய்து வெளியிட முடிவது, இதழ் ஆசிரியரின் இசைவை எதிர்நோக்கியிருந்த காலத்தில் இயலாத ஒன்று. அவர்களது எழுத்தைப் ‘பெண்கள் பொழுதுபோக்கு’ என ஒதுக்குவோர், மாதநாவல்களையும் அவ்வாறே ஒதுக்கி ஒரு வாசிப்பு மரபின் வரலாற்றை எழுதாமல் விட்டதை நினைவில் கொள்ள வேண்டும்.

அத்தியாயத்திற்குக் கீழே குவியும் கருத்துரைகள் இன்னொரு பேறு. அச்சுத் தொடர்கதைக் காலத்து வாசகர் கடிதங்களுள் மிகச்சிலவே அச்சேறின, எஞ்சியவை அழிந்தன. செயலியில் ஒரு கதாபாத்திரத்தின் முடிவை வாசகர் ஏற்றதும் மறுத்ததும், எழுத்தாளர் அதற்கேற்பக் கதையைத் திருப்பியதும் திருப்ப மறுத்ததும் நாள்வாரியாகப் பதிவாகின்றன. ஏற்புக் கோட்பாட்டை முன்வைத்துத் தமிழில் ஆய்வு செய்வோர்க்கு இத்தகைய சான்றுத்தொகுதி முன்னெப்போதும் கிடைத்ததில்லை. வட்டாரச் சொல் ஒன்றுக்குப் பொருள் கேட்கும் வாசகரும், அதற்கு விடையளிக்கும் மற்றொரு வாசகரும் சந்திக்கும் இடமாகவும் அது அமையக்கூடும். நிலத்தைத் தவிர்க்குமாறு செயலியின் கணக்கு தூண்டினாலும், நிலத்தை விரும்பும் வாசகர் அங்கே இல்லை என்று கொள்வதற்கு இடமில்லை.

பிரதியின் நிலைபேறு

இச்சான்றுத்தொகுதி நிலைத்திருக்குமா என்பதே ஆய்வுலகு எதிர்கொள்ள வேண்டிய வினா. தொடக்கநிலைத் தொழில்நுட்ப நிறுவனத்தின் வாழ்வு முதலீட்டுச் சுற்றுகளுக்கு இடைப்பட்டது. அடுத்த சுற்று வாராவிடில் நிறுவனம் விற்கப்படலாம், நோக்கம் மாறலாம், மூடப்படலாம். பெருநிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. அமேசான் தன் உடைமையாக இருந்த வெஸ்ட்லேண்ட் பதிப்பகத்தை 2022 பிப்ரவரியில் மூடுவதாக அறிவித்தபோது, நூற்றுக்கணக்கான எழுத்தாளர்களின் நூல்கள் திடீரென விற்பனையிலிருந்து நீங்கும் நிலை உருவானது. அப்பதிப்பகக் குழுவுக்குப் பின்னர் அடைக்கலம் அளித்தது பிரதிலிபி என்பது இவ்வரலாற்றின் ஒரு திருப்பம். 2009இல் கிண்டில் வாசகர்கள் விலைகொடுத்து வாங்கியிருந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் நாவல்கள் உரிமைச் சிக்கலால் அவர்களது கருவிகளிலிருந்தே நீக்கப்பட்டதும் நினைவுகூரத் தக்கது.

அச்சு நூலுக்குச் சட்டத்தின் காவல் உண்டு. 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டத்தின்படி, இந்தியாவில் அச்சாகும் நூலின் படிகள் கொல்கத்தா தேசிய நூலகத்திற்கும் சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட பொது நூலகங்களுக்கும் அனுப்பப்பட வேண்டும். ஆதலால் விற்காத நாவலும் கன்னிமாராவின் அலமாரியில் ஆய்வாளருக்காகக் காத்திருக்கிறது. 1954ஆம் ஆண்டின் அச்சு உலகை முன்வைத்து எழுதப்பட்ட அச்சட்டம், செயலியில் மட்டும் வெளிவரும் படைப்புக்குக் காவலாக அமையவில்லை. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் பழைய அச்சு நூல்களை மின்னாக்கம் செய்வதில் அரும்பணி ஆற்றிவருகின்றன. ஆனால் மின்வடிவிலேயே பிறந்த நாவலுக்கு மின்னாக்கம் தேவையில்லை என்பதாலேயே அது எவர் பொறுப்பிலும் சேராமல் போகிறது.

இதனோடு பாடவேறுபாட்டுச் சிக்கலும் இணைகிறது. செயலி எழுத்தாளர் தம் அத்தியாயத்தை எப்போது வேண்டுமாயினும் திருத்தலாம், நீக்கலாம். கிண்டிலில் வெளியிடுவதற்காகவோ அச்சு நூலாக்குவதற்காகவோ செயலிப் பிரதி அகற்றப்படுவதும் உண்டு. ஆய்வாளர் மேற்கோள் காட்டிய வரி, ஆய்வேட்டைத் தேர்வாளர் மதிப்பிடும் நாளில் அங்கே இல்லாமற் போகலாம். உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடியபோது, சிதைந்த ஏடாயினும் ஓரிடத்தில் அது இருந்தது. செயலியிலிருந்து நீங்கிய பிரதிக்குச் சிதைந்த படியும் எஞ்சுவதில்லை.

இச்சூழலில் மூன்று நடைமுறைகள் இன்றியமையாதன. முதலாவது, செயலிப் புனைவை ஆய்வுப்பொருளாகக் கொள்வோர் தாம் வாசித்த அத்தியாயத்தின் வெளியீட்டு நாளையும் வாசித்த நாளையும் பதிவுசெய்து, எழுத்தாளரின் இசைவுடன் ஒரு படியைப் பல்கலைக்கழக நூலகத்தில் வைப்பிடுதல். இரண்டாவது, நூல் வழங்கல் சட்டத்தின் எல்லையை மின்வெளியீடுகளுக்கு விரிக்குமாறு நூலகங்களும் தமிழ்த்துறைகளும் கோருதல். மூன்றாவது, மாவட்டந்தோறும் அவ்வந்நிலத்தைப் பொருளாகக் கொண்ட மின்புனைவுகளின் அட்டவணையை உருவாக்குதல். செயலியின் அட்டவணையில் இல்லாத முதலையும் கருவையும் ஆய்வாளரின் அட்டவணை நிரப்ப இயலும். தேனி மாவட்டத்துக் கல்லூரித் தமிழ்த்துறைகள் தம் பகுதி எழுத்தாளர்களைக் கொண்டு இதைத் தொடங்கினாலே ஒரு முன்மாதிரி அமைந்துவிடும்.

முடிவுரை

இதழ்த் தொடர்கதைக்கும் செயலித் தொடர்கதைக்கும் இடையிலான முதன்மை வேறுபாடு விற்பனை அலகில் உள்ளது. இதழ் தொகுப்பாக விற்கப்பட்டமையால் நிதானமான அத்தியாயத்திற்கு நிழல் கிடைத்தது. ‘கள்ளிக்காட்டு இதிகாச’த்தின் செயல்முறை விவரிப்புகள் அந்நிழலில் வளர்ந்தவை. அத்தியாயமே விற்பனைப் பொருளானபோது அந்நிழல் நீங்கியது. உணர்வை மட்டுமே வகைப்படுத்தும் அட்டவணையும், பிறமொழிக்குப் பெயர்த்துச் செல்லும் தேவையும் அதே திசையில் அழுத்தம் தருகின்றன. நிலம் மெலிவதற்கு எழுதுவோரைக் குறைகூறும் விமரிசனம் இவ்வழுத்தங்களைக் காணத் தவறுகிறது.

வைகை அணை நிரம்பியபோது மூழ்கிய ஊர்கள் ஒரு நாவலின்வழி வாசகர் நினைவில் நிலைபெற்றன. அந்நாவல் அச்சேறி, நூலகத்தில் இருப்பதால் இன்றும் மறுவாசிப்புக்கும் மறுப்புக்கும் உரியதாக உள்ளது. இன்று கைப்பேசியில் எழுதப்படும் ஊர்களுக்கு அவ்வாய்ப்பு நிறுவனங்களின் கணக்கேடுகளால் மட்டும் கிட்டாது. செயலிப் புனைவின் தரத்தை மதிப்பிடும் முன்னர், மதிப்பிடத்தக்க பிரதி நாளையும் இருக்குமாறு செய்வது ஆய்வுலகின் முதற்கடமையாகும்.